வயதை ஏற்ற வேண்டாம்; சாவியைப் பூட்டுங்கள்!

"பால் வாங்கத்தான் சார் அனுப்பினேன்..."

ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் செய்தி சேகரிக்கப் போகும் நிருபர்களுக்குப் பழகிப்போன வார்த்தை இது. சொல்பவர் மகனைப் பறிகொடுத்த தகப்பனார். அதற்கு மேல் கேள்வி கேட்க நமக்கு மனசு வராது.

சிறுவன் ஓட்டிய வண்டியால் சாவு விழும்போதெல்லாம் ஒரு குரல் கிளம்புகிறது. "லைசென்ஸ் வயதை 18-ல் இருந்து 21 ஆக்கு!" டீக்கடையிலும் இதே பேச்சு. மின்சார ரெயிலிலும் இதே பேச்சு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். 15 வயதுப் பையன் ஸ்கூட்டர் ஓட்டுவது இன்றைக்கே குற்றம். வயதை 21 ஆக்கினாலும் அதே குற்றம். 18 என்பதை மதிக்காதவன் 21-ஐ மட்டும் மதித்துவிடுவானா?

அடி யாருக்கு?

அடிபடப் போவது வேறு ஒருவன். ஐ.டி.ஐ. முடித்து 18 வயதில் வேலைக்குப் போகிறவன். கடைக்குச் சரக்கு ஏற்றி வருகிறவன். வீடு வீடாகச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன். ஒழுங்காக எல்.எல்.ஆர். வாங்கி, இன்ஸ்பெக்டர் முன்னால் 8 போட்டுக் காட்டி, லைசென்ஸ் எடுத்தவன். அவன் பிழைப்பில் மண்ணைப் போடுவது என்ன நியாயம்?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பொதுவாக வண்டி ஓட்ட 18 வயது. லாரி, பஸ், டாக்சி போன்றவற்றுக்கு 20 வயது. 16 வயதில் ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

இங்கேதான் பல பெற்றோர் ஏமாறுகிறார்கள். "பையனுக்கு 16 ஆயிடுச்சு சார், ஸ்கூட்டர் ஓட்டலாமே" என்கிறார்கள். அந்த 50 சி.சி. மொபெட் காலம் மலையேறிவிட்டது. இன்று வீட்டு வாசலில் நிற்பது 100 சி.சி., 110 சி.சி., 125 சி.சி. வண்டிகள். அதைத் தொட 18 ஆக வேண்டும்.

பேட்டரி ஸ்கூட்டரிலும் இதே குழப்பம். 250 வாட்டுக்கு உட்பட்டு, மணிக்கு 25 கிலோ மீட்டருக்கு மேல் போகாத சின்ன வண்டிக்குத்தான் லைசென்ஸ் வேண்டாம். அதைவிட வேகமாகப் பறக்கும் பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் கட்டாயம்.

புனேயில் நடந்தது

2024-ம் ஆண்டு மே 19-ந் தேதி அதிகாலை. புனே நகரம், கல்யாணி நகர் பகுதி. 17 வயதுச் சிறுவன் ஓட்டி வந்த வெளிநாட்டுக் கார் ஒரு மோட்டார் சைக்கிள் மீது மோதியது. அதில் வந்த இரண்டு இளம் என்ஜினீயர்கள் பலி. ஒருவர் வாலிபர், மற்றவர் பெண்.

அன்றே சிறுவனுக்கு ஜாமீன் கிடைத்தது. சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்றும் ஒரு நிபந்தனை! நாடே கொதித்தது. பிறகு தந்தையும் கைதானார். ரத்த மாதிரியை மாற்றியதாக டாக்டர்கள் கைதானார்கள்.

லைசென்ஸ் வயது 21 ஆக இருந்திருந்தால் அந்த இருவரும் பிழைத்திருப்பார்களா? அவனுக்கு 18 கூட ஆகவில்லையே! அவர்கள் பிழைத்திருக்க வேண்டுமானால், அன்று இரவு அவன் கைக்குக் கார் போகாமல் இருந்திருக்க வேண்டும்.

3 ஆண்டு ஜெயில்

இதற்கும் சட்டம் இருக்கிறது. 2019-ல் 199-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளி. 3 ஆண்டு வரை ஜெயில். 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

"எனக்குத் தெரியாது" என்று சொன்னால் மட்டும் போதாது. தெரியாது என்பதையோ, தடுக்க முயன்றதையோ பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும்.

இன்னொன்று. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி யாராவது இறந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு வண்டிக்காரரிடம் திருப்பி வசூலிக்கக் கோர்ட்டு உத்தரவிடலாம். மாதச் சம்பளக்காரர் தாங்குவாரா? வீடு ஏலத்துக்கு வந்துவிடும்.

போலீஸ் நிலையத்தில் பையன் பிடிபட்டு நிற்கும்போது அப்பாக்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். "நல்லா ஓட்டுவான் ஏட்டய்யா" என்று ஆரம்பிப்பார்கள். வழக்கு என்றதும், "சின்னப் பையன், விட்டுடுங்க!" என்பார்கள். ஓட்டும்போது பெரிய ஆள்; மாட்டினால் சின்னப் பையனா?

போலீசாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பையனை அதட்டி அனுப்பினால் நாளைக்கும் வருவான். 199-ஏ பிரிவில் நாலு அப்பாக்கள் கோர்ட்டுப் படி ஏறினால் அந்தத் தெருவே அடங்கும்.

"விடியற்காலை டியூஷன், பஸ் கூட்டம், என்ன செய்வது?" என்கிறார்கள் தாய்மார்கள். கஷ்டம் நிஜம்தான். ஆனால் பள்ளி மாணவர்களுக்கு அரசு இலவச பஸ் பாஸ் கொடுக்கிறது. அரசுப் பள்ளி பிளஸ்-1 மாணவர்களுக்குச் சைக்கிளே கொடுக்கிறது. சைக்கிளில் போனால் கால் மணி நேரம் முன்னால் எழ வேண்டும். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே! ஸ்கூலுக்குள் வண்டி விட முடியாமல் உங்கள் கடை ஓரத்தில்தான் நிறுத்துகிறார்கள். யூனிபார்ம் போட்டவன் வண்டிக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு வியாபாரம் போனாலும் ஒரு உயிர் மிஞ்சும்.

இந்தப் பேப்பரோடு வீட்டுக்குப் போகிற அப்பாக்களே! ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை பாருங்கள். வண்டிச் சாவி வாசல் ஆணியில் தொங்குகிறதா? எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். காலையில் பாலுக்கு நீங்களே நடந்து போங்கள்.