காற்று புள்ளி வழங்குவதில்லை

அண்மையில் எனது பேரனின் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சியொன்று நடைபெற்றது. ஆறாந்தர மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனுமொரு மாதிரியுருவைத் தாமே செய்துவர வேண்டும் என்பது பணிப்பு. மேசையின் மீது ஏழெட்டு விமானங்கள் நின்றன. மினுங்கும் வர்ணம், பிசிறில்லாத வெட்டு, அச்சிட்ட எழுத்துகள். பதினொரு வயதுக் கைகள் அவற்றைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை. சில புத்தகக் கடையில் வாங்கியவை. ஏனையவை தந்தைமார் இரவிரவாகக் கண்விழித்துச் செய்தவை. எனது பேரனுடையதும் அவ்வாறானதே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வீடு திரும்பும் வழியில் அவன் கேட்டான்: "அம்மப்பா, இது பறக்குமா?"

கண்காட்சியில் எவரும் கேட்காத கேள்வி அது. பறக்காது என்றேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பறக்கக்கூடிய ஒன்றைச் செய்ய இருவரும் அமர்ந்தோம்.

இயந்திரமின்றிக் காற்றில் சறுக்கிச் செல்லும் கிளைடர் விமானத்திற்குக் கடைக்குப் போகவேண்டிய அவசியமில்லை. பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்து வைத்திருந்த பழைய கோப்பு மட்டையொன்று, 30 சென்ரிமீற்றர் நீளமான மூங்கிற் குச்சியொன்று, பசை, சிறிது களிமண். அவ்வளவுதான். மட்டையில் 30 சென்ரிமீற்றர் நீளமும் 6 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட இறக்கை. 12க்கு 4 அளவில் வால். அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் சிறு செட்டை. இறக்கையை நடுவில் மெல்ல மடித்து, இரு நுனிகளும் சற்று மேலெழும்படி ஒட்டவேண்டும். பறக்கையில் ஒரு பக்கம் சாய்ந்தால் மீண்டும் நேராவதற்கு அந்த மடிப்பே உதவுகிறது. குச்சியின் முன்நுனியிலிருந்து 8 சென்ரிமீற்றர் தள்ளி இறக்கையின் முன்விளிம்பு அமையவேண்டும். வாலின் இடம் பின்நுனி.

இனித்தான் முக்கியமான வேலை. இறக்கையின் அகலத்தில், முன்விளிம்பிலிருந்து மூன்றிலொரு பங்கு தூரத்தில் இருபுறமும் விரல்நுனிகளை வைத்துத் தூக்கினால், விமானம் தராசுத் தண்டுபோல் சமநிலையில் நிற்கவேண்டும். அவ்வாறு நிற்கும் வரை மூக்கில் களிமண்ணைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கவேண்டும்.

முதல் வீச்சில் எங்கள் விமானம் மூக்கை உயர்த்தி, வேகமிழந்து, பொத்தென்று விழுந்தது. பேரனின் முகம் வாடியது. "பிழைச்சுப் போச்சு" என்றான். பிழைக்கவில்லை, மூக்கில் பாரம் போதாதென்று அது சொல்கிறது என்றேன். களிமண் கூட்டினோம். இம்முறை மூக்கால் நிலத்தைக் குத்தியது. சிறிது எடுத்தோம். பின்பு இடப்பக்கமாகவே வளைந்து சென்றது. முன்னின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது, இறக்கையின் ஒரு புறம் முறுகியிருந்தது தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவன் அவன்தான், நானல்லன். ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வது என்ற விதியையும் தானே வகுத்துக்கொண்டான். பதினேழாவது வீச்சில், நெஞ்சுயரத்திலிருந்து புறப்பட்டது முற்றத்தைக் கடந்து கிணற்றடி வரை ஓசையின்றிச் சென்று இறங்கியது. கண்காட்சியில் கிடைத்த சான்றிதழைப் பார்த்தபோது அவன் அப்படிச் சிரிக்கவில்லை.

இது வெறும் விளையாட்டென்று எண்ணுவோர் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும். இங்கிலாந்தின் யோர்க்ஷயரைச் சேர்ந்த சேர் ஜோர்ஜ் கெய்லி 1804ஆம் ஆண்டில், ஒரு தடியின்மீது பட்டத்தையே இறக்கையாகப் பொருத்தி, பின்னால் வாலும் சமநிலைக்கென நகர்த்தக்கூடிய பாரமும் வைத்துக் கிளைடர் மாதிரியொன்றைப் பறக்கவிட்டார். எங்கள் களிமண் உருண்டை செய்த வேலையைத்தான் அவரது பாரமும் செய்தது. 1878இல் அமெரிக்காவில் தந்தையொருவர் தம் பிள்ளைகளுக்கு இறப்பர் பட்டியால் இயங்கும் பறக்கும் விளையாட்டுப் பொருளொன்றை வாங்கி வந்தார். அது உடைந்ததும், வில்பரும் ஓர்விலும் அதைப்போன்றவற்றைத் தாமே செய்து பார்த்தனர். பெரிதாகச் செய்தவை சரியாகப் பறக்காதது அவர்களுக்குப் புதிராக இருந்தது. அந்த றைட் சகோதரர்களும் 1900 முதல் 1902 வரை கிளைடர்களைச் செய்து, பறந்து, திருத்திய பின்னரே 1903 டிசம்பர் 17ஆம் திகதி இயந்திர விமானத்தில் பறந்தனர்.

எமது பிள்ளைகளோ ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கி, பிழை விடுவது குற்றம் என்றே பயிற்றப்படுகின்றனர். பிழைக்குச் சிவப்பு மையால் ஒரு கோடு. அத்துடன் அந்தக் கணக்கு முடிந்தது. ஆகவேதான் அவர்கள் பிழைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, அவர்களது கைவேலையையும் நாமே செய்துகொடுக்கிறோம். பிள்ளையின் மீதுள்ள அன்பினால்தான் செய்கிறோம். ஆயினும், உன்னால் இயலாது என்பதையே அதன்மூலம் அவனுக்குச் சொல்லிவிடுகிறோம்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மாதிரி விமானத்தை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். மட்டையையும் பசையையும் வகுப்பறையிலேயே கொடுங்கள். அழகுக்குப் புள்ளியிடாமல், எத்தனை தடவை விழுந்தது, ஒவ்வொரு தடவையும் எதனை மாற்றினாய் என்று எழுதச் சொல்லி, அந்தக் குறிப்புக்குப் புள்ளியிடுங்கள். மைதானத்தில் பறக்கவிட்டுப் பாருங்கள். செய்தது தந்தையா, கடைக்காரரா, மாணவனா என்று காற்று கேட்பதில்லை. சரியாக இருந்தால் தாங்கும்; இல்லையேல் விழுத்தும்.

அப்பா செய்த அழகான விமானம் இப்போதும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மட்டை விமானம் இரண்டு வாரங்களில் மழையில் நனைந்து ஊறிப்போயிற்று. பேரன் இன்னொன்றைத் தொடங்கிவிட்டான். இம்முறை என்னை அழைக்கவில்லை.