ஏட்டில் ஏறாத கணக்கு

"எத்தனை பேர் வந்தனர்? எத்தனை நூல் எடுத்தனர்? எத்தனை நூல் திரும்பி வந்தது?" நூலகத்தை ஆராயப் புகுந்தோர் பலர் கேட்கும் கேள்விகள் இவ்வளவே! விடை கிடைத்ததும் கூட்டிப் பெருக்கிக் கட்டம் போட்டு, ஆய்வு முடிந்தது என்கின்றனர். எண் சற்றே குறைந்துவிட்டாலோ, "கைப்பேசியில் உலகமே கிடக்கக் கட்டடம் எதற்கு? காசு எதற்கு?" என்று கிளம்பிவிடுகின்றனர் கணக்கு மேதைகள்.

கணக்கு வேண்டாம் என்று கூறவில்லை நாம். கணக்கு மட்டும் போதும் என்பதையே மறுக்கிறோம். மண்டியில் மூட்டையை எண்ணலாம்; உண்டவன் பசி தீர்ந்ததா என்பதை மூட்டையா சொல்லும்?

ஆப்பிரிக்காவில் மலாவி என்றொரு சிறு நாடு. 2001-02இல் அங்கே கொடும் பஞ்சம். வில்லியம் கம்குவாம்பா என்னும் உழவர் வீட்டுச் சிறுவன், கட்டணம் செலுத்த வழியின்றிப் பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. வயது 14. வயிற்றிலே பசி, வாழ்விலே இருள். அவனுக்குத் திறந்திருந்தது ஒரே கதவு. ஊர்த் தொடக்கப் பள்ளியின் சிறு நூலகக் கதவு! அங்கே ஆற்றல் பற்றிய ஆங்கிலப் பாடநூல் ஒன்று கிடைத்தது. மொழி முழுதும் விளங்கவில்லை. படங்களைத் துணையாகக் கொண்டு கற்றான். பழைய மிதிவண்டி, குப்பையில் கிடந்த உதிரிகள், மரக்கம்பங்கள் ஆகியவற்றைச் சேர்த்தான். ஊரார் பித்தன் என்றனர். அவன் காற்றாலை எழுப்பினான், வீட்டிலே விளக்கெரிந்தது!

அந்த நூலகத்தின் பதிவேட்டில் இந்த அரிய நிகழ்ச்சி எப்படி ஏறும்? 'நூல் 1, எடுத்தவர் 1' என்றுதானே! நெடுங்கதை படித்துத் தூங்கியவனும் ஒன்று, காற்றைக் கட்டி விளக்கேற்றியவனும் ஒன்று. பதிவேட்டின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. 2009இல் அவர் கதை நூலாக வெளிவந்தது. சில அலமாரிகள் கொண்ட அந்தச் சிறு நூலகத்தின் மதிப்பை உலகம் உணர்ந்தது.

"கதை கேட்பது ஆராய்ச்சி ஆகுமோ?" என்று புருவத்தை நெரிப்போர் உண்டு. ஏன் ஆகாது? நோயாளி சொல்வதைக் கேளாமலா மருத்துவர் நோயறிகிறார்? சான்றினர் கண்டதைக் கேளாமலா வழக்குமன்றம் தீர்ப்புரைக்கிறது? 1954லேயே அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் ஃபிளானகன், மக்கள் கூறும் நிகழ்ச்சிகளைத் தொகுத்து ஆயும் முறையை வகுத்துத் தந்தார். நூலக ஆய்வாளரும் அம்முறையைக் கையாண்டுள்ளனர்.

முறை எளிது, நேர்மைதான் அரிது. "நூலகம் நல்லதா?" என்று கேட்டால், "நல்லது" என்று தலையாட்டுவர், பயனில்லை. "எதைத் தேடி வந்தீர்? கிடைத்ததா? கிடைத்ததைக் கொண்டு என்ன செய்தீர்?" என்று கேட்க வேண்டும். நாளும் நூலும் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். வெறுங்கையோடு திரும்பியவர் கதையையும், வாயில்வரை வந்து உள்ளே நுழைய அஞ்சியவர் கதையையும் சேர்க்க வேண்டும். புகழுரைகளை மட்டும் கோத்து மாலையாக்கினால் அது ஆராய்ச்சி அன்று, அர்ச்சனை!

மலாவிச் சிறுவன் கதை நமக்குக் கிடைத்தது. நம் வீட்டுக் கதை? ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்ற விதியை 1931இல் நூலாக்கித் தந்தவர், நம் சீர்காழி அரங்கநாதன். அதே ஆண்டில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூல்கள் சிற்றூர்களுக்குப் புறப்பட்டன. படிப்பு சிலருக்கே உரிமை என்றிருந்த நாட்டில், நூல் தானே உழவன் வாயிலுக்குச் சென்ற காட்சி! அன்று கைநீட்டி நூல் வாங்கியவர் யார்? படித்து எதை மாற்றினார்? எந்த அச்சம் அகன்றது, எந்த அடிமைப் புத்தி ஒழிந்தது? இன்று யாரைப் போய்க் கேட்பது? வண்டியும் போயிற்று, வாங்கியோரும் மறைந்தனர்.

இனியும் அவ்விழப்பைத் தாங்கலாமா? 1948இல் பிறந்த பொது நூலகச் சட்டத்தின் வழியே, சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகின்றனர் மக்கள். தம் காசு எத்தனை நூலாயிற்று என்பதோடு, அந்நூல் எத்தனை வாழ்வாயிற்று என்பதையும் அறிய அவர்களுக்கு உரிமையில்லையா?

ஆய்வாளர்களே, கிளை நூலகங்களுக்குச் செல்லுங்கள். வேலைத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞனிடம், நாளேடு தேடி வரும் முதியவரிடம், பிள்ளைக்குக் கதைநூல் எடுக்கும் தாயிடம் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் இசைவு பெற்று, சொன்னதைச் சொன்னவாறே எழுதுங்கள். நூலகந்தோறும் அப்படி ஓர் ஏடு வளரட்டும்.

எண் குறைந்தது என்று காட்டி மூடுவிழா நடத்த வருவோர் முன் அந்த ஏட்டை விரித்து வைப்போம். முழுவதும் படித்துவிட்டுப் பூட்டட்டும், முடிந்தால்!