லாரியில ஏறி ராலிக்குப் போற கார்கள்

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருந்த விஷயம் மக்களே. இன்னைக்குக் கொட்டிடறேன். கார் சமாச்சாரம் போரடிக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். கார் பிடிச்சவங்கதான் படிச்சு முடிச்சுட்டு என் மேல கோவிச்சுக்கப் போறீங்க.

போன மாசம் மதுரைப் பக்கம் ஒரு பழைய கார் ராலி. இருபது வண்டி போல வந்திருக்கும். ராலின்னா என்ன, ஒரு மண்டபத்து வாசல்ல வரிசையா நிறுத்தி, கொடியசைச்சு, ஊரை ஒரு சுத்து சுத்தி, திரும்ப அதே மண்டபத்துல சாம்பார் சாதம். மொத்தம் 14 கிலோமீட்டர். அதுக்கு ஏழெட்டு வண்டி லாரியில வந்து இறங்குச்சு. ஒரு வண்டி நாலு தெரு தள்ளி இருந்து லாரி ஏறி வந்துச்சுன்னா நம்புவீங்களா? "ஓட்டிட்டே வந்திருக்கலாமே சார்"னு கேட்டேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டினா கெட்டுப்போயிடும் தம்பி."

ஓட்டினா கெட்டுப்போற பொருளுக்குப் பேர் கார் இல்லீங்க, காலண்டர். எங்களுக்குப் பக்கத்துல சிவகாசியில கட்டுக் கட்டா அடிச்சுத் தர்றாங்க. வாங்கி ஹால்ல மாட்டிக்கலாம், டயர்ல காத்து கூட அடிக்க வேண்டாம்.

இப்படிப் பேச எனக்கு என்ன யோக்கியதைன்னு கேப்பீங்க. நியாயம்தான். நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தனா இருந்தவன், அதான் யோக்கியதை.

என்கிட்ட இருக்கிறது 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரெண்டு கதவு, 948 சிசி. இங்கிலாந்துல அதுக்குப் பேர் டிரையம்ஃப் ஹெரால்டு, நம்ம ஊர்ல ஸ்டாண்டர்டு கம்பெனிக்காரங்க மெட்ராஸ்ல செஞ்சாங்க. 1961-ல ஆரம்பிச்சு பத்து வருஷம் போல ஓடுச்சு, அப்புறம் அதையே கொஞ்சம் மாத்தி கெஸல்னு விட்டாங்க. அம்பாஸடர், பத்மினிக்கு நடுவுல ஹெரால்டு ஒரு குருவி மாதிரி. எங்க தெருவுல ஒரே வெட்டுல திருப்பிடலாம். முன்பக்க பானெட்டை மட்கார்டோட அப்படியே தூக்கிட்டா மொத்த எஞ்சினும் பந்தி இலை மாதிரி விரிஞ்சு கிடக்கும், டயர் மேல உக்காந்தே வேலை பாக்கலாம்.

வாங்கின உடனே நான் செஞ்ச முதல் காரியம் பெயின்ட். நகரத்துல ஒரு வொர்க்‌ஷாப்ல விட்டு, மூணு மாசம் காத்திருந்து, ஒன்றரை லட்சம் அழுது, நிலாக் கலர்ல வெளிய எடுத்தேன். குரோம் பம்பர்ல முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம். "எல்லாம் செக் பண்ணி கிரீஸும் அடிச்சாச்சு சார்"னு சொன்னாங்க. அந்த கிரீஸை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவையும் மகளையும் ஏத்திக்கிட்டு ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை. ஏத்தத்துல பாதியில சூடு முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. மூடியைத் துணி போட்டுத் திறந்தா பசும்பால் பொங்குற மாதிரி பொங்குது. ஒரு மணி நேரம் நிழல்ல நின்னு, இருந்த குடிதண்ணியெல்லாம் ஊத்தி, மெதுவா திரும்பினோம். வீடு வந்து சேர ஒரு கிலோமீட்டர் இருக்கு. கிருஷ்ணன்கோவில் முக்குல வத்திராயிருப்பு ரோட்டுல திரும்பறேன், நடக்கிற வேகம்தான். 'டொக்'னு ஒரு சத்தம். முன்பக்க இடது சக்கரம் மடங்கி உள்ள போயிடுச்சு. கார் ஒரு பக்கமா மண்டி போட்டு உக்காந்துடுச்சு.

டீக்கடையில ஒரே சிரிப்பு. "சார், உங்க கார் கோயிலைப் பார்த்துக் கும்பிடுது." நானும் சிரிச்சேன். மகளை இறக்கும்போதுதான் உறைச்சுது. ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி இதே சக்கரத்தோட நான் மலையில இறங்கிக்கிட்டிருந்தேன். இடதுபக்கம் பள்ளம்.

அன்னைக்கு சாயங்காலம் வந்து பார்த்தவர்தான் எங்க ஊர் மெக்கானிக் அண்ணாச்சி. எழுபதைத் தாண்டினவர், ரோட்டோரத்துல தகர ஷெட். கீழ குனிஞ்சு ஒரு தடவை பார்த்தார், விரலால தொட்டு முகர்ந்தார், "கிரீஸ் அடிச்சுக் கொன்னுருக்கானுங்க"ன்னார்.

விஷயம் இதுதான். ஹெரால்டுல முன் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற செங்குத்து இரும்பு ஒண்ணு இருக்கு. அதோட அடிப்பக்கம் மரை வெட்டி ஒரு வெண்கலக் கட்டைக்குள்ள திருகி உக்காந்திருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுத்துது. கட்டைக்குப் பேர் ட்ரன்னியன். அதுக்குப் போட வேண்டியது கிரீஸ் இல்ல, கியர்பாக்ஸுக்கு ஊத்துற 90-ம் நம்பர் ஆயில். கிரீஸ் மரைக்குள்ள முழுசா இறங்காது, நாளாக நாளாக இறுகி வழியையும் அடைச்சுக்கும். மழைத் தண்ணி உள்ள போகும், இரும்பு துருப்பிடிக்கும், ஒரு நாள் ஒடியும். ஒடிஞ்சா சக்கரம் மடங்கும். டிரையம்ஃப் வண்டி வெச்சிருக்கிற வெள்ளைக்காரங்களுக்கு இது பால பாடம். கிரீஸ் கன்ல கிரீஸுக்குப் பதிலா ஆயிலை ரொப்பி, அடியில சொட்டுற வரைக்கும் அடிக்கணும். அஞ்சு நிமிஷ வேலை, ஐம்பது ரூபா ஆயில். நான் ஒன்றரை லட்சத்தை வெளியில பூசிட்டு, ஐம்பது ரூபாயை உள்ள விடாம விட்டேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஓட்டாம நிறுத்தி வெச்சாலும் இது நிக்காது. துருவுக்கு லீவு கிடையாது. டயர் மேடு பள்ளம் தெரியாம பளபளன்னு இருக்கும், பக்கச் சுவர்ல வெடிப்பு ஓடும். (டயர் ஓரத்துல நாலு எண் இருக்கும் பாருங்க. 2316-னு இருந்தா 2016-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. அந்த மதுரை ராலியில சும்மா குனிஞ்சு பார்த்தேன். ஒரு மகானுபாவர் வண்டியில 2004.) பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், சிலிண்டர் உள்ளயே அரிக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். பிரேக் ஹோஸ் வெளிய நல்லா இருக்கும், உள்ள வீங்கி அடைச்சிருக்கும். இப்ப புதுசா பெட்ரோல் வேற. 2025-ல நாடு 20 சதவீத எத்தனாலுக்குப் போயாச்சு. பழைய ரப்பர் ஹோஸும் ஏ.சி. பம்ப்போட டயாஃப்ரமும் அதுக்குச் செஞ்சதில்ல, ஊறிப் பிய்யும். எத்தனால் தண்ணியை இழுக்கும், டேங்க்ல பெட்ரோலைப் போட்டு ஆறு மாசம் மூடி வெச்சா அடியில என்ன இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. வாராவாரம் ஓட்டுறவன் வண்டியில பெட்ரோல் பழசாக நேரமே இல்ல.

சூட்டுக் கதையும் இதேதான். சூடாகுதுன்னா தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போடுன்னு நம்ம ஊர்ல ஒரு வேதவாக்கு. என் வண்டியிலயும் எந்தப் புண்ணியவானோ கழட்டியிருந்தான். அண்ணாச்சி ரேடியேட்டரை இறக்கி, மேல் மூடியைப் பிரிச்சு, குழாய்க்குக் குழாய் கம்பி விட்டுக் குத்தினார். வந்த சேற்றை ஒரு தொட்டிச் செடிக்குப் போடலாம். புது தெர்மோஸ்டாட், புது ஹோஸ், புது பெல்ட். பாயின்ட் கேப் 15 தவ், அதாவது இன்ச்சுல ஆயிரத்துல 15 பங்கு. டாப்பெட் 10 தவ். கையைத் துடைக்க ராஜபாளையம் மில் பஞ்சு வேஸ்ட். மொத்தம் ஒன்பது நாள். கேட்ட கூலி 4,500 ரூபா.

அடுத்த மாசம் அதே ஆரியங்காவு. முள்ளு நடுவுல இருந்து அசையல.

சரி, நீங்க கேக்கப் போறது தெரியும். "பழைய காரை வெச்சு 500, 1000 கிலோமீட்டர் போறதெல்லாம் பணக்கார வெள்ளைக்காரன் விளையாட்டு." கிடையாதுங்க. 1907-ல பீக்கிங்ல இருந்து பாரிஸ் வரைக்கும் அஞ்சு வண்டி கிளம்புச்சு. அதுல ஒண்ணு நம்ம ஆட்டோ மாதிரி மூணு சக்கர கான்டல். பாவம், கோபி பாலைவனத்தோட அது கதை முடிஞ்சுது. ஜெயிச்சது இளவரசர் போர்கேஸேயோட இட்டாலா. அவ்ளோ பெரிய இளவரசர் வண்டிக்கு வழியில மரச் சக்கரம் உடைஞ்சப்போ, ரஷ்யக் கிராமத்துத் தச்சர் ஒருத்தர்தான் கோடாலியை வெச்சு புதுச் சக்கரம் செஞ்சு குடுத்தார். 1968-ல லண்டன் - சிட்னி. லண்டன்ல இருந்து பம்பாய் வரைக்கும் ரோடு, அங்கிருந்து கப்பல், ஆஸ்திரேலியாவுல மறுபடி ரோடு. 98 வண்டி கிளம்பி 56 போய்ச் சேர்ந்துச்சு. கடைசி நாள்ல முன்னாடி போய்க்கிட்டிருந்த சிட்ரோயன் எதிர்ல வந்த கார்ல மோதி நின்னுடுச்சு. ஜெயிச்சது ஆண்ட்ரூ கோவன் ஓட்டின ஹில்மேன் ஹன்டர், ஆபீசுக்குப் போற ஆசாமி வாங்குற வண்டி. 1977-ல மறுபடி நடந்தப்போ வண்டிங்க நம்ம மெட்ராஸ் வரைக்கும் வந்து, இங்கிருந்துதான் பினாங்குக்குக் கப்பல் ஏறுச்சு. அப்பவும் ஜெயிச்சது அதே கோவன், இந்தத் தடவை மெர்சிடிஸ். அதெல்லாம் அன்னைக்குப் புது வண்டிங்க, ஒத்துக்கறேன். பழசுதான் வேணும்னா, 2023-ல அகமதாபாத் குடும்பம் ஒண்ணு 1950 எம்.ஜி. ஒய்.டி. வண்டியில இங்கிலாந்துல அது பிறந்த அபிங்டனுக்கே போய்ச் சேர்ந்தாங்க. நடுவுல கடலுக்கு மட்டும்தான் கப்பல். எழுபது வயசைத் தாண்டின வண்டி. நாலு தெரு தாண்ட லாரி கேக்கலை.

இன்னொரு கோஷ்டி இருக்கு. பழசு நம்பிக்கையில்லைன்னு எஞ்சினைப் பிடுங்கிட்டு டீசல் எஞ்சினும் ஏ.சி.யும் வெச்சு, வெளிய மட்டும் பழசா வெச்சிருக்கிறவங்க. டாக்ஸி ஓட்டிப் பிழைக்க அம்பாஸடருக்கு டீசல் மாத்தினவங்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அது வயித்துப்பாடு. ஆனா அதை "கிளாசிக்"னு மாலை போட்டு ராலிக்கு வராதீங்க. வேட்டி கட்டின ரோபோ அது.

இப்ப இதுக்கெல்லாம் சட்டப் பாதுகாப்பு வேற கிடைச்சாச்சு. 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி போட்டாங்க. 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது, 20,000 ரூபா கட்டினா 'வி.ஏ.'ன்னு தனி நம்பர். அடையாளம் குடுத்தது நல்ல விஷயம்தான், மறுக்கல. எஞ்சினை மாத்தக் கூடாதுன்னு சொன்னதுக்கு ஒரு கும்பிடு. ஆனா அடுத்த வரி? அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க, இதுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாமாம். தினசரிப் புழக்கத்துக்குக் கூடாது. என் மகளைக் கூட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்கப் போறது இந்தப் பட்டியல்ல எதுங்க? நல்லவேளை, ஏற்கனவே பதிவு பண்ணின வண்டி பழைய நம்பரையே வெச்சுக்கலாம்னு விட்டிருக்காங்க. நான் வெச்சுக்கிட்டேன். 'வி.ஏ.' நம்பரை வாங்கிட்டு அதைப் பெருமையா போட்டோ எடுத்துப் போடுற நண்பர்களே, ஓட்டாம இருக்கிறதுக்கு 20,000 கட்டியிருக்கீங்க. உலக அளவுல பழைய வண்டிக்காரங்களோட கூட்டமைப்பு ஃபிவா, டுரின் சாசனம்னு ஒண்ணு போட்டிருக்காங்க. அதுல ஓட்டுறதையும் பாதுகாப்போட சேர்த்துத்தான் எழுதியிருக்காங்க.

எனக்கு உண்மையான கடுப்பு சட்டம் மேல இல்ல. அண்ணாச்சி ஷெட்டு விஷயம்தான்.

போன வருஷம் அவர்கிட்ட வந்த பழைய வண்டி மொத்தம் ஆறு. என்னையும் சேர்த்து. மத்த நாளெல்லாம் பைக் பஞ்சர், டிராக்டர் வெல்டிங். ஆனா இந்த வட்டாரத்துல, ராஜபாளையத்துல இருந்து திருமங்கலம் வரைக்கும், எனக்குத் தெரிஞ்சே முப்பது பழைய கார் இருக்கு. எல்லாம் போர்வை போத்தித் தூங்குது. ஓடாத வண்டிக்கு எதுக்கு மெக்கானிக்? பெயின்ட்காரர் போதும். பெயின்ட்காரருக்கு லட்சம் குடுக்கிறப்போ வாய் திறக்காத ஆளுங்க, அண்ணாச்சி 4,500 கேட்டா "4,000-ன்னு வெச்சுக்குங்களேன்"னு பேரம் பேசுறாங்க. (நானும் பேசினேன். சொல்லிடறேன், அப்புறம் எவனாவது போட்டுக் குடுப்பான்.)

அவர் மகன் திருப்பூர்ல இருக்கார். ஷெட்டுல தலை வைக்க மாட்டார், தப்பும் சொல்ல முடியாது. பக்கத்துக் காலேஜ்ல இருந்து ரெண்டு பசங்க சனிக்கிழமை வந்து நிப்பானுங்க. கார்புரேட்டரை முதல் தடவை பிரிச்சுப் பார்த்தப்போ ஒருத்தன் கண்ணு அப்படி விரிஞ்சுது. "இவ்வளவுதானா அண்ணா?"ன்னான். அவனுக்கு ட்ரன்னியனையும் காட்டியாச்சு. ஆனா கத்துக்க வண்டி வேணும்ல? போர்வைக்குள்ள இருக்கிற முப்பதும் மாசம் ஒரு தடவை மலை ஏறி இறங்கினா, எதாவது ஒண்ணு உடையும், எதாவது ஒண்ணு கழலும், ஷெட்டுக்கு வரும். பசங்க கையில கருப்பு ஏறும். அண்ணாச்சி இந்தப் பொங்கலுக்கு ஷெட்டைக் காலி பண்றதா இருந்தார். அடுத்த பொங்கல் வரைக்கும் பாக்கலாம்னு தள்ளி வெச்சிருக்கார். அவ்வளவுதான் நேரம்.

சென்னை - புதுச்சேரி ஓட்டம் ஒண்ணு வருது. நான் ஹெரால்டை இங்கிருந்தே ஓட்டிக்கிட்டுப் போறேன். சென்னைக்கே 500 கிலோமீட்டருக்கு மேல. அண்ணாச்சி முன் சீட்டு, அந்தப் பையன் பின் சீட்டு. டிக்கியில பாயின்ட், கண்டன்சர், காயில், பெல்ட், ரெண்டு ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கட்டுக்கம்பி, டேங்க் ஒழுகினா தேய்க்க ஒரு சலவை சோப்பு, வெயில்ல பம்ப்புக்குள்ள பெட்ரோல் ஆவியாகி அடைச்சா மேல போட ஈரத்துணி. திருமங்கலம் முக்குல சனிக்கிழமை காலைல 6 மணிக்கு நிப்போம். போர்வையை எடுத்துட்டு யார் வேணா வந்து சேர்ந்துக்கலாம். லாரியில வர்றவங்களுக்கு இடமில்ல.

டிஸ்கி: மடங்கின சக்கரம் உரசின இடத்துல பெயின்ட் போனது போனதுதான். இன்னும் அடிக்கலை. கேக்காதீங்க :-)