ஓய்வுக்குப் பின் எந்தப் படகு?

ஆண்டாப் ஹில்லில் என் அண்டை வீட்டுப் பேராசிரியர் ஓய்வுபெற்றதும் தனியே நெடுங்கடல் செல்ல விழைகிறார். 45 அடிப் பாய்மரப் படகு வாங்க எண்ணம். வயதானவருக்குப் பெரிய படகே வசதி என்பது அவர் வாதம். நான் மறுக்கிறேன்.

என் சான்று இந்நகரிலேயே பிறந்தது. 1960களில் பம்பாயில் தேக்கால் கட்டப்பட்ட ‘சுஹைலி’யின் நீளம் 32 அடிதான். 1968–69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில்தான் எங்கும் நிற்காமல் 312 நாட்களில் தனியே உலகைச் சுற்றினார். அதற்கு இரண்டு பாய்மரங்கள். பாய்ப்பரப்பு பிரிந்திருப்பதால் ஒவ்வொரு பாயும் ஒருவர் கைக்கு அடங்கும். முதிய உடலுக்கு இதுவே முதல் அளவுகோல் என்பேன். நள்ளிரவில், உறக்கமின்றி, மின்கலமும் ஓய்ந்த நிலையில், மிகப்பெரிய பாயைத் தன் கையாலேயே இறக்க இயலுமா?

2018இல் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில் 73 வயது ழான்-லுக் வான் டென் ஹீட் வென்றதும் 36 அடிப் படகில்தான். (அந்த அளவைப் போட்டி விதியே வரையறுத்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நடுக்கடலில் பாய்மரப் பிணைப்பு சேதமுற்றபோது அவரே பலமுறை மரமேறிச் சீர்செய்தார்.

நாக்ஸ்-ஜான்ஸ்டனே 68ஆம் வயதில் 60 அடிப் படகில் உலகைச் சுற்றி முடித்தாரே என்றார் பேராசிரியர். நியாயமான கேள்வி. ஆனால் அது இடையே துறைகளில் நின்று, பழுதுபார்த்துச் செல்லும் போட்டி. இவருக்குக் கரையில் காத்திருக்கப்போவது மனைவி ஒருவரே. அவருக்கோ படகே ஆகாது.