கண்ணைக் குறை சொல்லாதீங்க!

இந்தத் தாளின் அடியில் இரண்டு சின்னச் சதுரங்கள் ஒட்டியிருக்கிறேன், பார்த்தீங்களா? கறுப்பு அட்டை மேல இருக்கிறது வெளிறித் தெரியும். வெள்ளை அட்டை மேல இருக்கிறது கருத்துத் தெரியும். ஆனால் இரண்டுமே ஒரே சாம்பல் நிறத் தாளில் வெட்டியவை! நம்பாதவர்கள் பக்கத்தில் நூலில் தொங்கும் ஓட்டை போட்ட அட்டையை மேலே வைத்துப் பார்க்கலாம். (தயவுசெய்து கிழிச்சிடாதீங்க.)

இதைப் பார்த்தவங்க எல்லாரும் "கண்ணு ஏமாந்துடுச்சு"ன்னு சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நண்பகல் வெயிலில் புத்தகத்தை விரித்தால், அதன் கறுப்பு எழுத்திலிருந்து நம் கண்ணுக்கு வரும் வெளிச்சம், வகுப்பறைக்குள் வெள்ளைத் தாளிலிருந்து வரும் வெளிச்சத்தைவிட அதிகம். வெளிச்சத்தை மட்டும் அளக்கிற கண்ணாக இருந்தால் வெயிலில் எழுத்து வெள்ளையாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிகிறதா? இல்லையே! பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் எழுத்து எங்கே போனாலும் கறுப்பாக இருக்கிறது. அந்தத் திறமைதான் சதுரத்தில் நம்மைக் குழப்புகிறது.

பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். அங்கே கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நீலம், ஊதா நூல்கள்தான் காரணம்! இதையெல்லாம் 1839இல் பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார். நிலாவும் அப்படித்தான். தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது, பழைய தார்ரோடு மாதிரி. இருட்டு வானத்தில் இருப்பதால் வெள்ளித்தட்டு என்கிறோம்.

சாயத்துக்கு ஒரு ஷெவ்ரல் வந்தார். நம்ம குரூப் போட்டோவுக்கு யார் வருவாங்க? வெள்ளையடித்த சுவர் முன்னாடி நிற்க வைத்து எடுக்கிறாங்க. சுவரின் பளிச்சைப் பார்த்து கேமராவும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். போட்டோ வந்ததும் ஒருத்தருக்குப் பட்டப்பெயர் விழும், அது வருஷம் முடியிற வரைக்கும் போகாது. கறுப்பு என்றால் என்ன குறைச்சல், அது தனிச் சண்டை, அடுத்த மாதம் எழுதுகிறேன். இப்போதைக்கு, ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்த வருஷப் போட்டோவை ஒருமுறை சுவர் முன்னாலும், ஒருமுறை வேப்பமரத்தடியிலும் எடுத்து, இரண்டையும் இதே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுங்கள்.

— 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு