பழைய சிடியைத் தூக்கிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி...

போன ஞாயிறு ஆலய ஆபீஸ் அலமாரியைச் சுத்தம் பண்ணினோம். பழைய அர்ச்சனை ரசீது புத்தகங்களுக்கு நடுவுல விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி ஒண்ணு கிடைச்சது. உள்ளே சிடி இல்லை. அதை நாங்களே தூக்கிக் கொடுத்துட்டோம்.

2010-இல் ஆபீஸ் கணினிக்கு விண்டோஸ் 7 வாங்கினோம். முழு விலை கட்டுப்படியாகல, 'அப்கிரேட்' பெட்டிதான். பழைய எக்ஸ்பி சும்மாதானே கிடக்குதுன்னு திருமுறை வகுப்பு பையன் ஒருத்தனுக்குக் கொடுத்தோம். காசு போட்டு வாங்கினது நம்ம பொருள்தானே?

இல்லை. அந்த ஒப்பந்தத்துலேயே இருக்கு: அப்கிரேட் பண்ணின பிறகு பழையதை உபயோகிக்கக் கூடாது, பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலா புதுசுதான் செல்லும். காலி கேஸ் தோம்பைக் கொடுத்து புதுத் தோம்பு வாங்குற மாதிரி. புதுசையும் எடுத்துக்கிட்டு, காலித் தோம்பைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க முடியுமா?

இப்ப அதே பேச்சு மறுபடியும் வந்திருக்கு. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட நின்னுபோச்சு. ஆலயத்துக்கு உபயமா ரெண்டு புதுக் கணினி வந்திருக்கு. பழைய ரெண்டையும் வகுப்புக்குக் கொடுங்க, தப்பில்லை. கணினியோட வந்த விண்டோஸ் அந்தக் கணினியோடயே போகலாம். அதோட கீயை மட்டும் எடுத்து வேற மெஷின்ல போடுறதுதான் கூடாது. (உபயக்காரங்க போன் நம்பரை எல்லாம் முதல்ல அழிச்சிடுங்க தம்பிகளா!) பாதுகாப்பு அப்டேட் வராததால அதுல பேங்க் வேலை எதுவும் பார்க்க வேண்டாம்.

கம்பெனிக்காரங்க பக்கம் பக்கமா எழுதி வச்சா யார் படிக்கிறது? எங்களுக்கும் எரிச்சல்தான். எஸ்.பி.எம். இங்கிலீஷை வச்சுப் படிச்சு முடிக்க அரை நாள் ஆச்சு. ஆனா எங்க தொழிற்சாலையில ஆடிட் வந்தா எந்த மெஷினுக்கு எந்த லைசன்ஸ்னு காட்டியே ஆகணும். ஆலயத்துல மட்டும் 'சாமி காரியம்தானே'ன்னு விட்டுடலாமா? உண்டியலை நாலு பேர் முன்னாடி எண்ணுற நாமே, ஓசி கீயைப் பிள்ளைங்க கையில கொடுத்தா அதுங்க என்ன கத்துக்கும்?

பிள்ளைங்களுக்குக் கடிதம், கட்டுரை எழுதத்தானே வேணும்? லிப்ரே ஆபீஸ் போதும். இலவசம், தமிழ்லயும் வருது, எத்தனை பேருக்கு வேணும்னாலும் நகல் எடுத்துக் கொடுக்கலாம், அதோட லைசன்ஸே அதுக்கு அனுமதி கொடுக்குது. வர்ற சனிக்கிழமை சாயங்கால பூஜைக்கு வரும்போது பென்டிரைவ் கொண்டு வாங்க, ஆபீஸ்ல ஏத்தித் தர்றோம்.