உறவினர் தானம் மட்டும் போதாது
சிறுநீரகம் பழுதானால் உறவினர் ஒருவர் தானமளித்துக் காப்பாற்றுவதே இந்தியாவில் பெருவழக்கு. 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டமும் நெருங்கிய உறவினரின் தானத்துக்கே எளிதில் இடமளிக்கிறது. ஆனால், பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோயில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதன் பரவலான வகையில், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. தானமளிக்க முன்வரும் சகோதரரிடமே நோய் மறைந்திருக்கலாம்.

2016-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை அளிப்பது வரவேற்கத்தக்கது. எனினும், அது சிறுநீரகம் செயலிழந்த பிறகு கிடைக்கும் உதவியே. நோயாளியின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்கேன், மரபணுப் பரிசோதனைகளை அரசே செய்துதர வேண்டும். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானத்தை எல்லா மாநிலங்களிலும் பரவலாக்க வேண்டும். உறவினரைக் கைகாட்டிவிட்டு அரசு ஒதுங்கிவிட முடியாது.